குடியை நிறுத்த ஒரு கூட்டம்: விலாசம் கேட்க மாட்டார்கள், பணமும் கேட்க மாட்டார்கள்!

சென்னை நகரில் மாலை 6 மணி ஆனால் இரண்டு கூட்டம் சேருகிறது.

ஒரு கூட்டம் எல்லோருக்கும் தெரியும். டாஸ்மாக் கடை வாசலில் நிற்கும் கூட்டம். பகல் 12 மணிக்குத் திறந்தால் இரவு 10 மணி வரை அங்கே நெரிசல்தான்.

இன்னொரு கூட்டம் பலருக்குத் தெரியாது. சர்ச் ஹாலிலோ, பள்ளிக்கூட அறையிலோ, ஆஸ்பத்திரியிலோ நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசுகிறார்கள். பெரிய ஆபீசரும் இருப்பார், கூலி ஆளும் இருப்பார். இவர்களும் ஒரு காலத்தில் முதல் கூட்டத்தில் நின்றவர்கள்தான்!

இதன் பெயர் "ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்". சுருக்கமாக "ஏ.ஏ.". பெயரை வெளியிடாத குடிநோயாளிகள் என்று அர்த்தம்.

பாரா? டெலிபோனா?

கதை தொடங்கியது அமெரிக்காவில். 1935-ம் ஆண்டு மே மாதம். நியூயார்க்கைச் சேர்ந்த பங்கு வியாபாரி பில் வில்சன் அக்ரான் நகருக்கு வந்தார். வந்த காரியம் கவிழ்ந்தது. குடியை விட்டு சில மாதம்தான் ஆகியிருந்தது.

ஓட்டல் கூடத்தில் ஒரு பக்கம் பார். இன்னொரு பக்கம் டெலிபோன். மனசு பார் பக்கம் இழுத்தது. கை டெலிபோனை எடுத்தது!

தன்னைப் போல அவதிப்படும் ஒரு குடிகாரரைத் தேடினார். கிடைத்தவர் பாப் ஸ்மித். ஆபரேஷன் செய்யும் டாக்டர். அவரும் பெருங்குடிகாரர். இருவரும் மணிக்கணக்கில் பேசினார்கள். ஜூன் 10-ந்தேதி டாக்டர் கடைசியாகக் குடித்தார். 1950-ல் சாகும் வரை பிறகு தொடவே இல்லை. அந்த நாள்தான் ஏ.ஏ.யின் பிறந்தநாள். இந்தியாவுக்கு இது 1957-ல் வந்தது.

உள்ளே என்ன நடக்கிறது?

பதிவேடு கிடையாது. கையெழுத்து கிடையாது. கட்டணம் கிடையாது. கடைசியில் ஒரு பை சுற்றி வரும். முடிந்தவர்கள் போடலாம். வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை.

சேர ஒரே தகுதி, "குடியை விடணும்" என்ற ஆசை.

ஒருவர் எழுந்து, "என் பெயர் இன்னது. நான் ஒரு குடிநோயாளி" என்று ஆரம்பிப்பார். பட்ட பாட்டைச் சொல்வார். யாரும் குறுக்கே பேச மாட்டார்கள், புத்தி சொல்ல மாட்டார்கள். பேச இஷ்டம் இல்லையா? சும்மா கேட்டுவிட்டு வரலாம். அங்கே கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்பது கண்டிப்பு.

நம் ஊரில் கோவிலில் கயிறு கட்டிச் சத்தியம் செய்பவர்கள் உண்டு. மாலை போட்டு ஒரு மண்டலம் தொடாமல் இருப்பவர்களும் உண்டு. மாலையைக் கழற்றிய அன்றே கடைக்கு ஓடுபவர்களும் உண்டு! ஏ.ஏ.யில் ஆயுசுக்கும் சத்தியம் கேட்பதில்லை. "இன்னைக்கு ஒரு நாள் தொடாதே. நாளைய கதை நாளைக்கு" என்பதுதான் பாடம்.

இதில் பலன் உண்டா? 2020-ல் 27 ஆய்வுகளை அலசிப் பார்த்தார்கள். அவற்றில் 10 ஆயிரத்து 565 பேர் இருந்தார்கள். தொடர்ந்து குடிக்காமல் இருக்க வைப்பதில் ஏ.ஏ. வழி மற்ற சிகிச்சைகளுக்குச் சளைத்தது அல்ல, சில இடத்தில் மேல் என்று தெரிந்தது. எல்லோருக்கும் பலித்துவிடும் என்று அர்த்தம் இல்லை.

மனைவிமார்களே, உஷார்!

"குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்" என்று விளம்பரம் பார்த்திருப்பீர்கள். நம்பாதீர்கள். குடிக்கு எதிரான டைசல்பிராம் மாத்திரை சாப்பிட்டவர் மது குடித்தால் முகம் சிவக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் விழும். உயிரே போகலாம். அதை அவரிடம் சொல்லி, டாக்டர் பார்வையில்தான் கொடுக்க வேண்டும்.

இன்னொரு ஆபத்து. தினமும் அதிகமாகக் குடிப்பவரைத் திடீரென்று அறையில் வைத்துப் பூட்டாதீர்கள். இரண்டு மூன்று நாளில் கை நடுங்கும். வலிப்பு வரலாம். இல்லாதது கண்ணுக்குத் தெரியும். இதுவும் ஆளைக் கொல்லும். முதலில் ஆஸ்பத்திரி, பிறகு கூட்டம். அதுதான் சரியான வரிசை.

எங்கே போவது?

அடையாறு இந்திரா நகரில் டி.டி.கே. ஆஸ்பத்திரி இருக்கிறது. குடிக்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கியது. அவர் 1992-ல் பத்மஸ்ரீ வாங்கியவர். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையிலும் சிகிச்சை உண்டு. 14446 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள். அது மத்திய அரசின் இலவச எண்.

பக்கத்தில் ஏ.ஏ. கூட்டம் எங்கே, என்றைக்கு என்று இப்படிப்பட்ட ஆஸ்பத்திரிகளில் விசாரிக்கலாம். "திறந்த கூட்டம்" என்றால் குடும்பத்தாரும் போகலாம். "மூடிய கூட்டம்" குடியை விட நினைப்பவர்களுக்கு மட்டும். வீட்டாருக்கு "அல்-அனான்" என்று தனிக் கூட்டம் இருக்கிறது. அவர் வரமாட்டேன் என்றாலும் நீங்கள் போகலாம்.

"நாளையிலிருந்து நிறுத்திடறேன்" என்ற வசனம் பல வீட்டில் தினசரி கேட்கிறது. கூட்டம் இன்று மாலையே இருக்கலாம். விசாரித்துப் பாருங்கள்!