மீன்குஞ்சு பேணல்

சைவ நூலார் தீக்கையின் வகைகளை விளக்கப் புகுமிடத்து மூன்று உவமைகளை எடுத்தாள்வர். பறவை தன் முட்டையைத் தொட்டணைத்துக் குஞ்சாக்கும். ஆமை கரையிலிட்ட முட்டையை நினைந்தே குஞ்சாக்கும். மீன் தன் முட்டையை நோக்கியே குஞ்சாக்கும் என்பன அவை. இவ்வுவமைகள் குருவருளின் இயல்பை உணர்த்த எழுந்தனவேயன்றி மீனினத்தின் வாழ்க்கையை ஆராய எழுந்தனவல்ல. கண்ணாடித் தொட்டியுள் மீன் வளர்ப்போர் காணும் காட்சியோ வேறு. அங்கு வளரும் மீன்களுட் பல, தம் முட்டைகளையும் குஞ்சுகளையும் கண்ட மாத்திரத்தில் விழுங்கிவிடும். தாய்மீனிடத்து இல்லாத அந்நோக்கு வளர்ப்பவனிடத்து அமைதல் வேண்டும். அஃது எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலிய பகுதிகளில் முற்றமற்ற மாடிவீடுகளில் வாழ்வோர்க்கும் ஒரு சிறு தொட்டி வைக்க இடமுண்டு. கொழும்பின் சராசரி வெப்பநிலை ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 27 பாகை செல்சியசு ஆதலின், குளிர்நாட்டார் போல நீரைச் சூடாக்கும் கருவியும் நமக்கு வேண்டியதில்லை. இத்துணை வாய்ப்பிருந்தும், பிறந்த குஞ்சுகளுட் பெரும்பாலன முதலிரு வாரங்களுள் மடிந்துபோதல் பலர் கண்ட அனுபவமாகும். காரணம் யாது?

முதலிற் பிறப்பின் வகையை அறிதல் வேண்டும். தென்னமெரிக்காவிற்குரிய கப்பி மீன் குட்டியீனும் இனத்தது. நுளம்புக் குடம்பிகளை உண்ணும் பொருட்டு வெப்பநாடுகள் பலவற்றிற்கும் கொண்டுவரப்பட்ட அது, கொழும்பின் கால்வாய்களிலும் இன்று வாழ்கின்றது. ஏறத்தாழ நான்கு வாரங்களுக்கு ஒருமுறை அது ஈனும் குஞ்சுகள் பிறந்தவுடனே நீந்தி இரை தேடும். செரி பாப் முதலிய மீன்களோ முட்டைகளை நீர்ச்செடிகளிடையே சிதறிவிட்டு அகலும். அவை ஓரிரு நாளிற் பொரிக்கும். சீயத்துச் சண்டைமீனின் ஆண், நுரையாற் கூடு கட்டி முட்டைகளைக் காக்கும். குஞ்சுகள் நீந்தத் தொடங்கியதும் அதனையும் அகற்றிவிடல் வேண்டும்.

முட்டை சிதறும் மீன்களுக்குத் தொட்டியின் அடியில் போளைகளை இரண்டு அடுக்காகப் பரப்பின், முட்டைகள் இடுக்குகளுள் வீழ்ந்து பெற்றோரின் வாயினின்றும் தப்பும். சாவகப் பாசியும் இப்பயனைத் தரும். முட்டையிட்டு முடிந்ததும் பெரிய மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றல் வேண்டும்.

அடுத்தது உணவு. பொரித்த குஞ்சின் வயிற்றில் மஞ்சட்கருப்பை ஒன்று ஒட்டியிருக்கும். அது கரையும் வரை குஞ்சுக்கு வேறுணவு வேண்டா. கண்ணாடியில் ஒட்டிக் கிடக்கும் குஞ்சைப் பசியால் வாடுகின்றதெனக் கருதி இரை தூவுவோர் நீரை நஞ்சாக்குவோராவர். குஞ்சு கிடைநிலையில் நீந்தத் தொடங்கும் நாளே உணவூட்டத் தொடங்கும் நாள். அப்பொழுதும் அதன் வாய் மிகச் சிறிது. முதற் சில நாள்களுக்குக் கண்ணுக்குப் புலப்படா நுண்ணுயிர்களே ஏற்ற உணவு. பழைய தொட்டிநீரை ஒரு போத்தலிலிட்டு, காய்ந்த இலையோ வாழைப்பழத்தோலின் சிறு துண்டோ சேர்த்து வைத்தால் சில நாள்களில் அவை பெருகும்.

அதன் பின்னர் ஆட்டீமியா என்னும் உவர்நீர்ச் சிற்றுயிரின் குஞ்சுகளைத் தரலாம். ஒரு லீற்றர் நீரில் 25 முதல் 30 கிராம் வரை உப்பைக் கரைத்து, முட்டைகளையிட்டுக் காற்றூட்டின், ஏறத்தாழ ஒரு நாளிற் பொரிக்கும். அவற்றைத் துணியில் வடித்து நன்னீரிற் கழுவியே இடல் வேண்டும். நுளம்புக் குடம்பியும் வளர்ந்த மீனுக்கு நல்லுணவே. ஆயினும் டெங்கு பரவும் இந்நகரில் அதற்காகத் திறந்த பாத்திரத்தில் நீரைத் தேக்குதல் அயலார்க்குச் செய்யும் தீங்கு. 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டத்தின் கீழ்க் குற்றமுமாகும்.

எனினும், பசியினும் கொடியது கெட்ட நீர். மீன்கள் செவுள் வழியாக அமோனியாவைக் கழிக்கின்றன; உண்ணாது அழுகும் இரையும் அதனையே பிறப்பிக்கும். தொட்டியில் வாழும் ஒருவகைப் பற்றீரியா அமோனியாவை நைத்திரைற்றாகவும், பிறிதொரு வகை அதனைத் தீமை குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றும். இப்பற்றீரியாக்கள் புதிய தொட்டியில் நிலைபெறச் சில வாரங்கள் செல்லும். ஆகவே, குஞ்சு பிறந்தபின் புதுத்தொட்டி தேடுதல் பயனற்றது. பழைய தொட்டியில் முன்னரே இயங்கிய பஞ்சு வடிகட்டியை அதனுள் வைத்தல் நன்று. அஃது இளங்குஞ்சுகளை உள்ளிழுப்பதுமில்லை.

கொழும்பின் குழாய்நீர் லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் களனி கங்கையிலிருந்தும் பெறப்பட்டுக் குளோரினாற் சுத்திகரிக்கப்படுவது. மாந்தரைக் காக்கும் அக்குளோரின் குஞ்சின் செவுளைச் சிதைக்கும். வாய் அகன்ற பாத்திரத்தில் நுண்வலையால் மூடி ஒரு நாள் வைத்த நீரையே பயன்படுத்தல் வேண்டும். நாடோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மெல்லிய குழாயால் அடிக்கழிவோடு வெளியேற்றி, ஒத்த வெப்பமுடைய நீரை மெல்ல வார்த்தல் போதியது. ஒரே முறையிற் பெரிதும் இடுதலை விடுத்து, நாளொன்றுக்கு நான்கு முறை சிறிது சிறிதாக இரையிடுதலும், எஞ்சியதை உடனே அகற்றுதலும் குஞ்சுகளின் உயிரைக் காக்கும்.

இதனால் விளையும் பயன் பொழுதுபோக்கு மட்டுமன்று. சிங்களத்தில் லே தித்தயா எனப்படும் செரி பாப், இலங்கையின் ஈரவலயத்து நிழலோடைகளுக்கே இயற்கையில் உரியது. பின்னாளில் கொழும்பு நூதனசாலையின் பணிப்பாளராயிருந்த பி. இ. பி. தெரணியகல 1929 இல் இதனை அறிவியலுலகிற்கு அறிவித்தார். இதன் அறிவியற் பெயரிலுள்ள தித்தேயா என்னுஞ் சொல் அச்சிங்களப் பெயரினின்று வந்ததே. வெற்றிலை மெல்வோன் என்று பொருள்படும் புலத் ஹபயாவும் இத்தீவிற்கே உரியது. காடழிவாலும் நீர்மாசாலும் நலியும் ஓடைகளில் வணிகத்தின் பொருட்டு வலை வீசுதல் மற்றுமொரு சுமை. வீட்டில் முட்டையிலிருந்து வளர்த்த ஒவ்வொரு மீனும் ஓடையிற் பிடிக்கப்படாது எஞ்சும் ஒரு மீனுக்கு ஈடாகும்.

மிகுந்த குஞ்சுகளை வெள்ளவத்தைக் கால்வாயிலோ பிற நீர்நிலைகளிலோ விடுதல் ஒருபோதும் ஆகாது. அயலின மீனும் நோயும் அவ்வழியே பரவும். அவற்றை நண்பர்க்கு அளித்தலே முறை.

நூறு குஞ்சு பிறத்தல் இயற்கையின் கொடை. அவற்றுள் ஐம்பதேனும் வளர்தல் நம் கருத்தின் பயன். இரையை மிகுதியாகச் சொரிவது அன்பன்று. நாடோறும் நின்று நோக்கி, வேண்டுவதை வேண்டியவளவில் அளிப்பதே அன்பு. நம் மாணவர் தம் வகுப்பறையில் ஒரு தொட்டியமைத்து இதனைப் பயில்வாராயின், நூலிற் கற்கும் உயிரியல் கண்முன் நிற்கும். உயிரோம்பும் பண்பும் உடன் வளரும்.