பைக் விபத்துக்குப் பிறகு கை தூக்க முடியவில்லையா? காலண்டரைப் பாருங்கள்!

பைக்கில் இருந்து விழுந்தவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். ஹெல்மெட் போட்டிருந்ததால் தலை தப்பியது. ஸ்கேன் நார்மல். காறை எலும்பில் மட்டும் முறிவு. ‘உயிருக்கு ஒண்ணும் ஆபத்தில்லை’ என்று டாக்டர் சொன்னதும் குடும்பமே குலதெய்வத்தைக் கும்பிடுகிறது.

பத்து நாள் கழித்துத்தான் அம்மா கவனிக்கிறார். மகனின் வலது கை தோளில் இருந்து துணிபோலத் தொங்குகிறது. கிள்ளினால் உணர்வில்லை. ஆனால், ராத்திரியானால் உள்ளங்கை நெருப்பாக எரிகிறது என்கிறான்.

‘அடிபட்ட கைதானே... கட்டைப் பிரிச்சா சரியாகிடும்’ என்கிறார் பெரியப்பா. ‘எண்ணெய் போட்டு நீவிவிட்டா நரம்பு எழும்பும்’ என்கிறார் பக்கத்து வீட்டு அத்தை. இப்படியே மாதங்கள் ஓடுகின்றன.

நம் ஊரில் பல வீடுகளுக்குப் பழக்கமான காட்சி இது. இங்கே பிரச்னை எலும்பில் இல்லை. நரம்பில் இருக்கிறது. எலும்பு தாமதமாகக் கூடினாலும் கூடிவிடும். நரம்பு விஷயத்தில் நாள் கணக்கு மிக முக்கியம்.

எந்த நரம்பு?

‘ஊசி போட நரம்பே கிடைக்கல’ என்று பேச்சுவழக்கில் சொல்கிறோம். அது உண்மையில் ரத்தக்குழாய். இங்கே பேசுவது மூளையின் கட்டளையைத் தசைக்கும், தோலின் உணர்வை மூளைக்கும் கொண்டுசெல்லும் நரம்பு. மூளை, தண்டுவடத்துக்கு வெளியே கை கால்களுக்கு ஓடும் இவற்றைப் புறநரம்புகள் என்கிறார்கள். வீட்டு ஒயரைப்போலத்தான். வெளியே உறை, உள்ளே ஆயிரக்கணக்கான மெல்லிய இழைகள்.

கழுத்துப் பகுதியில் தண்டுவடத்தில் இருந்து 5 நரம்பு வேர்கள் கிளம்பி, காறை எலும்புக்குப் பின்னால் பின்னிப் பிணைந்து கைக்கு இறங்குகின்றன. ‘பிரேக்கியல் ப்ளெக்சஸ்’ என்று இதற்குப் பெயர். வேகமாகச் செல்லும் பைக்கில் இருந்து தூக்கி எறியப்படுபவரின் தோள் தரையில் மோத, தலை எதிர்ப்பக்கம் சாயும்போது இந்தப் பின்னல் இழுபடுகிறது. சிலருக்கு நசுங்கும். சிலருக்கு அறுந்துபோகும். மோசமான அடியில் வேரே தண்டுவடத்தில் இருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

தானாகச் சரியாகுமா?

சில சமயம் சரியாகும். குழப்பமே இதனால்தான். நரம்புக் காயங்களை மூன்று வகையாகப் பிரித்து 1943-ல் விளக்கினார் பிரிட்டிஷ் அறுவை சிகிச்சை நிபுணர் ஹெர்பர்ட் செடன்.

முதல் வகையில் நரம்பு அறுந்திருக்காது. அதிர்ச்சியில் வேலைநிறுத்தம் செய்திருக்கும். சில வாரங்களில், அதிகபட்சம் சில மாதங்களில் பழைய நிலைக்கு வரும். இரண்டாவதில் உள்ளே இழைகள் அறுந்து, உறை மட்டும் தப்பியிருக்கும். அந்த உறைக்குள் இழை மெதுவாக மறுபடி வளரும். மூன்றாவதில் உறையோடு சேர்த்து எல்லாமே துண்டாகியிருக்கும். இது அறுவை சிகிச்சை இல்லாமல் சேராது.

வெளியே இருந்து பார்த்தால் மூன்றிலும் கை ஒரே மாதிரிதான் தொங்கும். எது எந்த வகை என்பதைக் கண்டுபிடிக்க நரம்பின் மின்னோட்டத்தை அளக்கும் பரிசோதனை உதவுகிறது. விபத்து நடந்து சுமார் மூன்று வாரம் கழித்துச் செய்தால்தான் இது தெளிவாகப் பேசும். கூடவே எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் எடுக்கிறார்கள். அடிபட்ட பக்கத்துக் கண்ணிமை லேசாகத் தொங்கி, கண்மணி சுருங்கியிருந்தால் வேர் பிடுங்கப்பட்டிருக்கலாம் என்று மருத்துவர்கள் உஷாராகிவிடுவார்கள்.

கத்தி, கண்ணாடி கிழித்து மணிக்கட்டில் நரம்பு அறுந்தால் காத்திருக்கவே வேண்டாம். முடிந்தவரை சில நாள்களுக்குள் தைத்துவிட வேண்டும். இழுபட்ட காயத்துக்குச் சில மாதம் பொறுத்துப் பார்ப்பதுண்டு. ஆனால், அந்தக் காத்திருப்பு மருத்துவரின் கண்காணிப்பில் நடக்க வேண்டும். வீட்டில் எண்ணெய் தடவிக்கொண்டு அல்ல!

ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்

அறுந்த நரம்பு ஒரு நாளைக்குச் சுமாராக ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். மாதத்துக்கு ஓர் அங்குலம். இன்னொரு பக்கம், நரம்பின் கட்டளை வராத தசை நாளுக்கு நாள் சுருங்கும். ஒன்றிலிருந்து ஒன்றரை வருடத்துக்குள் அது நரம்பை ஏற்றுக்கொள்ளும் சக்தியைப் பெரும்பாலும் இழந்துவிடும்.

இப்போது கணக்குப் போடுங்கள். கழுத்தடியில் இருந்து முழங்கையை மடக்கும் தசைக்கு 25 சென்டிமீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். நரம்பு போய்ச்சேர 250 நாள் ஆகும். விபத்து நடந்து நான்காவது மாதம் ஆபரேஷன் செய்தால், பன்னிரண்டாவது மாதம் வாக்கில் சேர்ந்துவிடும். தசை உயிர்ப்போடு இருக்கும். ஒரு வருடம் கழித்துச் செய்தால், சேர 20 மாதம் ஆகிவிடும். அதற்குள் கதவு மூடியிருக்கும். மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் அறுவை சிகிச்சை நடப்பது நல்லது என்று மருத்துவர்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

என்ன ஆபரேஷன்?

அறுந்த இரு முனைகளும் இழுக்காமல் சேர்ந்தால், மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபடி, தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைக்கிறார்கள். இடைவெளி அதிகம் என்றால், கெண்டைக்காலின் பின்பக்கம் உள்ள உணர்வு நரம்பை எடுத்து நடுவில் பாலம்போல வைக்கிறார்கள். இதனால் பாதத்தின் வெளி ஓரத்தில் கொஞ்சம் மரத்துப்போகும். நடைக்குப் பாதிப்பில்லை.

வேரே பிடுங்கப்பட்டுவிட்டால் தைப்பதற்கு எதுவும் இருக்காது. அப்போது கைகொடுப்பது நரம்பு மாற்றம். பக்கத்தில் நன்றாக வேலை செய்யும் நரம்பில் இருந்து ஒரு கிளையை எடுத்து, செயலிழந்த தசையின் நரம்போடு இணைப்பது. பிரெஞ்சு மருத்துவர் ஓபர்லின் 1994-ல் வெளியிட்ட முறையில், விரல்களுக்குப் போகும் நரம்பின் ஒரு சிறு இழைக்கட்டை, முழங்கையை மடக்கும் தசைக்குத் திருப்பிவிடுகிறார்கள். தசைக்கு மிக அருகிலேயே இணைப்பதால், நரம்பு ஓட வேண்டிய தூரம் குறைகிறது.

விலா எலும்புகளுக்கு இடையே ஓடும், மூச்சுக்கு உதவும் நரம்பையும் கைக்கு இணைப்பதுண்டு. அப்படிச் செய்தவர்களுக்கு ஆரம்பத்தில் மூச்சை இழுத்தால்தான் முழங்கை மடங்கும்! பயிற்சி செய்யச் செய்ய, மூளை புதிய வழியைக் கற்றுக்கொள்கிறது.

தாமதமாகிவிட்டால்?

வழியே இல்லை என்று நினைக்க வேண்டாம். வேலை செய்யும் தசையின் தசைநாரை இடம்மாற்றி வைக்கலாம். தொடையில் இருந்து ஒரு தசையையே அதன் ரத்தக்குழாய், நரம்போடு எடுத்துக் கையில் பொருத்தலாம். தசைநார் மாற்றத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் பழைய உறவு உண்டு. 1914-ல் கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1940-களின் இறுதியில் வேலூர் சி.எம்.சி-யில் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை இந்த முறையில் நிமிர்த்திக் காட்டினார். ஆனாலும், இவை இரண்டாவது வாய்ப்புதான். தூரம் அதிகம் என்பதால், எந்த ஆபரேஷனிலும் தோள், முழங்கையைவிட விரல்களின் நுண்ணிய அசைவைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம்.

ஆபரேஷனுக்குப் பிறகு...

தையல் பிரித்த அடுத்த மாதமே கை அசையும் என்று எதிர்பார்த்தால் மனம் உடைந்துபோகும். முதல் அசைவுக்கே பல மாதங்கள், முழுப் பலன் தெரிய இரண்டு மூன்று வருடங்கள்கூட ஆகலாம். நரம்பின் மேல் தட்டினால் உண்டாகும் ‘சுரீர்’ உணர்வு மாதா மாதம் கீழே இறங்கினால், நரம்பு வளர்கிறது என்று அர்த்தம்.

அதுவரை வீட்டில் செய்ய வேண்டியவை:

* பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தந்தபடி, நல்ல கையால் தோள், முழங்கை, விரல் மூட்டுகளைத் தினமும் அசைத்துவிடுங்கள். மூட்டு இறுகிவிட்டால், நரம்பு வந்து சேர்ந்தும் பயனில்லை.

* உணர்வில்லாத கைக்குச் சூடு தெரியாது. டீ டம்ளர், அடுப்பு, வெந்நீர் விஷயத்தில் கவனம் தேவை. தினமும் கையைப் பார்த்து, காயம் இருக்கிறதா எனச் சோதியுங்கள்.

* எரிச்சல் வலி பொய்யல்ல. சாதாரண வலி மாத்திரைக்கு அடங்காது. அதற்கென மருந்துகள் உண்டு. டாக்டரிடம் சொல்லுங்கள்.

* சிகரெட் வேண்டாம். சர்க்கரை நோய் இருந்தால் கட்டுப்பாட்டில் வையுங்கள்.

எங்கே போவது?

பிளாஸ்டிக் சர்ஜரி அல்லது கை அறுவை சிகிச்சைப் பிரிவைத் தேடிப் போங்கள். சென்னை அரசு ஸ்டான்லி மருத்துவமனையில் இதற்கெனத் தனி நிலையமே இருக்கிறது. கோவை கங்கா மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி போன்ற இடங்களிலும் இந்தச் சிகிச்சை நடக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம், விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கானது. நரம்புப் பிரச்னையோ பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் கண்ணில் படும். அதனால், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இதற்கு வழி உண்டா என்று மருத்துவமனையின் காப்பீட்டு கவுன்ட்டரில் கேட்டுவிடுங்கள்.

விபத்தில் சிக்கியவர் கண் விழித்ததும் எல்லோரும் ‘சாப்பிட்டியா?’ என்றுதான் கேட்போம். கூடவே, ‘தோளைத் தூக்கு, முழங்கையை மடக்கு, விரலை விரி’ என்றும் சொல்லிப்பாருங்கள். முடியவில்லை என்றால் காலண்டரில் அந்தத் தேதியைக் குறித்துக்கொண்டு, அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள்.