சில்லு செய்யும் ஊரில் நம் பிள்ளைகளின் பங்கு

உங்கள் கைப்பேசிக்குள் இருக்கும் சில்லுகளில் ஏதாவது ஒன்று பாயான் லெப்பாஸுக்கு வந்துபோயிருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. உலகெங்கும் சில்லுகளைப் பொதிந்து சோதிக்கும் வேலையில் ஏறக்குறைய 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது. நம் நாட்டில் அந்த வேலைக்குத் தலைமை ஊர் பினாங்குதான்.

'கிழக்கின் சிலிக்கன் பள்ளத்தாக்கு' என்று நம் மாநிலத்தை ஊடகங்கள் புகழத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் பிறையிலோ நிபோங் திபாலிலோ மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் ஒருவர் வீட்டுக்கு அந்தப் பெருமையால் என்ன வந்து சேர்கிறது? 50 ஆண்டுக் கதையைப் புரட்டினால் ஒன்று தெரிகிறது. தொழிற்சாலை வந்தால் வேலை வரும். அந்த வேலையில் மேலே ஏற வேண்டுமானால் பயிற்சி வேண்டும்.

துறைமுகம் போனது, தொழிற்பேட்டை வந்தது

1969ஆம் ஆண்டு ஜார்ஜ்டவுன் தன் சுங்கவரியற்ற துறைமுகத் தகுதியை இழந்தது. துறைமுகத்தையும் கிடங்குகளையும் நம்பியிருந்த குடும்பங்கள் ஆடிப்போயின. அவர்களில் தமிழர்களும் ஏராளம். அந்தக் காலக்கட்டத்தில் பினாங்கில் வேலையில்லாதவர்கள் சுமார் 15 விழுக்காடு.

அதே ஆண்டில் முதலமைச்சரான டாக்டர் லிம் சோங் யூ, பினாங்கு மேம்பாட்டுக் கழகத்தை அமைத்தார். 1972இல் நாட்டின் முதல் சுதந்திர வர்த்தக மண்டலம் பாயான் லெப்பாஸில் உருவானது. இன்டெல், ஏஎம்டி, ஹியூலெட் பேக்கார்ட், நேஷனல் செமிகண்டக்டர், ஹிட்டாச்சி, போஷ், கிளாரியன், லிட்ரானிக்ஸ் ஆகிய எட்டு நிறுவனங்கள் முதல் அலையில் வந்தன. 'எட்டு சாமுராய்கள்' என்று இன்றும் அவற்றைக் குறிப்பிடுவார்கள். அமெரிக்காவுக்கு வெளியே இன்டெல் தொடங்கிய முதல் தொழிற்சாலை, நெல் வயலாகக் கிடந்த நிலத்தில் எழுந்தது.

பெண்கள் தூக்கிய பாரம்

அந்தத் தொழிற்சாலைகளை நிரப்பியவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். கம்பத்திலிருந்தும் தோட்டத்திலிருந்தும் கம்பெனி பஸ் ஏறி, ஷிப்டு முறையில் வேலை பார்த்தார்கள். நுண்ணோக்கி வழியே பார்த்துக்கொண்டே, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லில் பொருத்தும் வேலை அது. மணிக்கணக்கில் கண்ணை எடுக்க முடியாது. அந்தச் சம்பளத்தில் தம்பி தங்கைகள் படித்தார்கள், வீட்டுக் கூரை மாறியது. ஊரோ அவர்களை 'மீனா காரான்' என்று கேலி பேசியது.

உரிமைகளும் எளிதில் வந்துவிடவில்லை. மின்னியல் துறைத் தொழிலாளர்கள் தங்கள் நிறுவன அளவில் மட்டும் சங்கம் வைத்துக்கொள்ளலாம் என்ற அனுமதியே 1988இல்தான் கிடைத்தது. வட்டார அளவில் சங்கம் அமைக்க மேலும் சுமார் 20 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

ஏணி வைத்தவர்கள்

1980களின் நடுவில் வந்த பொருளாதார மந்தத்தில் பலர் வேலையிழந்தார்கள். இயந்திரங்களும் மாறத் தொடங்கின. விரல் வேகம் மட்டும் இனிப் போதாது, இயந்திரத்தைப் புரிந்துகொண்டு பழுது பார்க்கும் ஆள் வேண்டும் என்ற நிலை வந்தது.

அப்போது பினாங்கு செய்த காரியம் பாராட்டுக்குரியது. 1989இல் அரசாங்கமும் தொழில்துறையும் கல்வியாளர்களும் சேர்ந்து பினாங்குத் திறன் மேம்பாட்டு மையத்தைத் தொடங்கினார்கள். சுருக்கமாக பிஎஸ்டிசி. சந்தையில் ஒன்றோடொன்று போட்டி போடும் நிறுவனங்கள், பயிற்சிக்காக ஒரே கூரையின்கீழ் வந்தன. என்ன கற்றுத்தர வேண்டும் என்பதைத் தொழிற்சாலைகளே சொன்னதால், படித்த பாடத்துக்கும் செய்யும் வேலைக்கும் இடைவெளி குறைந்தது. உற்பத்தி வரிசையில் நின்றவர் டெக்னீஷனாகவும், டெக்னீஷன் பொறியியலாளராகவும் உயர ஒரு வழி கிடைத்தது.

அந்தச் சூழலில் அனுபவம் பெற்றவர்கள் சிலர் சொந்தமாகவும் தொழில் தொடங்கினார்கள். 1991இல் தொடங்கிய பென்டாமாஸ்டரும் 2000இல் தொடங்கிய விட்ரோக்ஸும் பன்னாட்டு நிறுவனங்களில் வேலை பழகிய பினாங்குக்காரர்கள் கட்டியவை. இன்று அவை உலகச் சந்தைக்கு இயந்திரம் செய்கின்றன.

பத்து காவான் நம்மைப் பார்த்துக் கேட்கும் கேள்வி

தீவில் இடம் குறையக் குறைய, தொழிற்சாலைகள் பெருநிலத்துக்கு நகர்ந்தன. பத்து காவானை நம்மவர்கள் மறக்க முடியாது. 19ஆம் நூற்றாண்டில் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் கொண்டுவரப்பட்டார்கள். பின்னர் ரப்பர், அதன்பின் செம்பனை. 2014இல் இரண்டாவது பாலம் திறந்த பிறகு, தோட்டம் இருந்த வட்டாரத்தில் உலக நிறுவனங்களின் கட்டடங்கள் வரிசையாக எழுந்துவிட்டன.

நம் பாட்டன்மார் வேர்வை சிந்திய அந்த மண்ணில், பேரப்பிள்ளைகள் எந்த வாசல் வழியாக உள்ளே போகப்போகிறார்கள்? காவலாளியாகவா, ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளராகவா, இயந்திரத்தை இயக்கும் டெக்னீஷனாகவா?

எஸ்பிஎம் முடிவு வரும் வாரங்களில் எங்கள் வானொலிக்கு வரும் அழைப்புகளில் பெற்றோரின் பதற்றம் கேட்கும். "மெட்ரிகுலேஷன் கிடைக்குமா தம்பி?" என்பார்கள், மருத்துவம் பற்றி விசாரிப்பார்கள். திறன் பயிற்சி என்று நான் தொடங்கினால், "அது சரியாப் படிக்காத பிள்ளைக்குத்தானே?" என்ற பதில் உடனே வரும். இந்த எண்ணம் மாறியாக வேண்டும்.

மலேசியத் திறன் சான்றிதழில் மூன்று நிலைகள் உண்டு. நான்காவது நிலை டிப்ளோமா, ஐந்தாவது நிலை உயர் டிப்ளோமா. சான்றிதழில் தொடங்கும் பிள்ளை அங்கேயே நின்றுவிட வேண்டியதில்லை. பத்து காவானிலிருந்து சிறிது தூரத்தில், நிபோங் திபாலில் ஓர் அரசுத் தொழிற்பயிற்சிக் கழகம் இருக்கிறது. அதன் பெயரே ஆறுமுகம் பிள்ளை தொழிற்பயிற்சிக் கழகம். தமிழர் ஒருவரின் பெயர் தாங்கிய அந்த வாசலை நம் பெற்றோரில் எத்தனை பேர் மிதித்திருக்கிறோம்?

இப்போது விட்டால்

2024ஆம் ஆண்டு மே மாதம் பிரதமர் அன்வார் இப்ராஹிம் தேசியக் குறைக்கடத்தித் திட்டத்தை அறிவித்தார். அரசின் ஆதரவாக 2,500 கோடி ரிங்கிட் ஒதுக்கப்படும், 60,000 பொறியியலாளர்களுக்குப் பயிற்சி அளிக்கப்படும் என்பது இலக்கு. இன்னொரு பக்கம், படிப்பில்லாமல் செய்யக்கூடிய உற்பத்தி வரிசை வேலைகளை இயந்திரங்கள் எடுத்துக்கொண்டிருக்கின்றன. அக்காமார்கள் ஒரு காலத்தில் நுழைந்த அந்த எளிய வாசல் சுருங்கி வருகிறது.

வளர்ச்சிக்கு விலை கொடுப்பவர்களும் சாதாரண மக்கள்தாம். தெற்குக் கடலோரத்தில் கடலைத் தூர்த்துச் சிலிக்கன் தீவு உருவாக்கப்படுவதை, அங்கு வலை வீசிப் பிழைக்கும் மீனவர்கள் எதிர்த்தார்கள். தொழிற்பேட்டைச் சாலைகளில் வேலை நேர நெரிசலும் தீர்ந்தபாடில்லை. 2025 ஜனவரியில் பணி தொடங்கிய எல்ஆர்டி ரயில் ஓடும்வரை, ஷிப்டு வேலைக்காரரின் மோட்டார் சைக்கிளுக்கு விடிவில்லை.

ஆகவே, இனி ஒரு பெரிய நிறுவனம் பினாங்குக்கு வரும்போது 'எத்தனை கோடி முதலீடு?' என்பதோடு நம் கேள்வி நின்றுவிடக் கூடாது. உள்ளூர்ப் பிள்ளைகள் எத்தனை பேருக்குப் பயிற்சி தருவீர்கள், உற்பத்தி வரிசையில் இருப்பவர் மேலே ஏற என்ன வழி வைத்திருக்கிறீர்கள் என்றும் நம் சட்டமன்ற உறுப்பினர்கள் கேட்க வேண்டும்.

நம் பங்குக்கும் வேலை இருக்கிறது. மாநிலத்தின் 28 தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் ஆலய நிர்வாகங்களும் ஆண்டுக்கு ஒரு நாள் ஒரு பஸ் அமர்த்தலாம். ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர்களையும், இடைநிலைப்பள்ளிக்குப் போய்விட்ட முன்னாள் மாணவர்களையும், முக்கியமாக அவர்களின் அம்மா அப்பாவையும் ஏற்றிக்கொள்ளுங்கள். காலையில் நிபோங் திபால் பயிற்சிக் கழகம், மாலையில் பாயான் லெப்பாஸில் பிஎஸ்டிசி. முன்கூட்டியே கடிதம் எழுதி அனுமதி பெறுங்கள். அங்கே பயிலும் பிள்ளைகளிடம் பேசவையுங்கள். ஒரு சில்லு எப்படிச் சோதிக்கப்படுகிறது என்பதைப் பிள்ளையும் அம்மாவும் சேர்ந்து நேரில் பார்க்கட்டும்.