உங்களுக்குத் தெரியுமா? இஸட் போட்ட பேருந்து

ஹைதராபாத்தில் எது அரசுப் பேருந்து என்று கண்டுபிடிக்கத் தெலுங்கு படிக்கத் தெரிய வேண்டாம். நம்பர் பிளேட்டைப் பார்த்தால் போதும். நம் ஊர் அரசுப் பேருந்துக்கு ‘என்’ இருப்பதுபோல அங்கே ‘இஸட்’. 1932-இல் நிஜாம் அரசின் ரயில்வே, 27 பேருந்துகளும் 166 ஊழியர்களுமாகத் தொடங்கிய சேவை அது. கடைசி நிஜாம் மீர் உஸ்மான் அலி கானின் தாயார் ஜெஹ்ரா பேகத்தின் நினைவாகத்தான் அந்த இஸட் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். சமஸ்தானம் போனது, மாநிலம் இரண்டானது, 2024-இல் மாநிலப் போக்குவரத்துக் கழகமான டி.எஸ்.ஆர்.டி.சி.கூட டி.ஜி.எஸ்.ஆர்.டி.சி. ஆனது. இஸட் மட்டும் இறங்கவில்லை.

●

இன்னொரு இஸட்டும் உண்டு. செகந்திராபாத் ஸ்டேஷனிலிருந்து ஜூ பார்க் வரை ஓடிய 7இஸட் மாடிப் பேருந்து. 2000-களின் தொடக்கத்தில் மாடிப் பேருந்துகளை ஓரங்கட்டிவிட்டார்கள். 2020 நவம்பரில் ஒருவர் ட்விட்டரில் 7இஸட்டை நினைத்து ஏங்க, அப்போது அமைச்சராக இருந்த கே.டி. ராமாராவ் தன் பள்ளிக்கால நினைவைச் சொல்லிப் பதில் போட்டார். 2023 பிப்ரவரியில் ஃபார்முலா இ கார் பந்தயத்தை ஒட்டி மாடிப் பேருந்து திரும்பி வந்தது, மின்சாரத்தில். ஏக்கத்துக்கும் சில சமயம் பலன் உண்டு.

●

2023 டிசம்பர் 9 முதல் தெலங்கானாவில் பெண்களுக்குப் பேருந்துப் பயணம் இலவசம். திட்டத்தின் பெயர் மகாலட்சுமி. இதிலென்ன அதிசயம், நாம் 2021-லேயே கொண்டுவந்துவிட்டோமே என்பீர்கள். நம்முடையது பெரும்பாலும் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தோடு நிற்கிறது. அங்கே ‘பல்லெ வெலுகு’ எனும் கிராமப் பேருந்திலும் (கிராமத்து வெளிச்சம் என்று பொருள், என்ன அழகான பெயர்!) எக்ஸ்பிரஸிலும் மாநில எல்லைவரை போகலாம். ஆதிலாபாத்தில் ஏறும் பெண் ஹைதராபாத்தில் இறங்கும்வரை பர்ஸைத் திறக்க வேண்டாம்.

ஆனால் டிக்கெட் வாங்கியே ஆக வேண்டும். ஆதார் அட்டையைக் காட்டினால் கண்டக்டர் மெஷினைத் தட்டி ‘ஜீரோ டிக்கெட்’ கிழித்துத் தருவார். அந்தச் சீட்டுகளின் கணக்கை வைத்துத்தான் அரசு, போக்குவரத்துக் கழகத்துக்குப் பணம் கட்டுகிறது. மெஹதிப்பட்டினம் போகும் 49எம்-இல் ஒரு பாட்டியம்மா அந்தச் சீட்டை நாலாய் மடித்து வளையலுக்குள் செருகிக்கொண்டதைப் பார்த்தேன். காசு கொடுத்து வாங்கிய டிக்கெட்டைக்கூட நான் அவ்வளவு பத்திரமாக வைத்ததில்லை.

●

‘மெட்ரோ எக்ஸ்பிரஸ்’ என்று யாராவது வழி சொன்னால் ரயிலைத் தேடாதீர்கள். அது பேருந்து. ரயில் வருவதற்கு முன்பே வைத்த பெயர்.

●

நிஜ மெட்ரோ 2017 நவம்பரில் வந்தது. மூன்று பாதை, 69 கி.மீ. அரசும் தனியாரும் கைகோத்துக் கட்டியவற்றில் உலகிலேயே பெரியது என்று பெருமை பேசினார்கள். 2025 செப்டம்பரில், மெட்ரோவைக் கட்டி நடத்திய எல் அண்ட் டி நிறுவனம் விலகிக்கொள்ள, மாநில அரசே ஏற்பதென்று முடிவானது. அதே ஆண்டு மே மாதம் கட்டணம் 10–60 ரூபாயிலிருந்து 12–75 ஆக ஏறி, ஒரே வாரத்தில் சற்றுக் குறைந்து 11–69 ஆனது. பதினொரு ரூபாய்க்குச் சில்லறை தேடுவதைவிட வாட்ஸ்அப்பில் டிக்கெட் எடுப்பது சுலபம். அந்த வசதி 2022-லேயே வந்துவிட்டது.

●

2025 ஜனவரியில் ஒருநாள் இரவு எல்.பி. நகரிலிருந்து லக்டி கா புல் வரை ஒரு மெட்ரோ ரயில் எங்கும் நிற்காமல் போனது. 13 கி.மீ., 13 ஸ்டேஷன், 13 நிமிடம். பெட்டிக்குள் மாற்று அறுவைக்கான ஓர் இதயம். பதிமூன்று ராசியில்லாத எண் என்பவர்கள் கவனிக்க.

●

அந்த இதயம் போனது மெட்ரோவின் சிவப்புப் பாதை. அதில் மூசாராம்பாக் என்றொரு ஸ்டேஷன். மூசாவும் ராமும் சேர்ந்த பெயர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நிஜாமின் படையில் பணியாற்றிய பிரெஞ்சுத் தளபதி ரேமோன் வாய்மொழியில் ‘மூசா ராம்’ ஆகிவிட்டாராம். 1798-இல் இறந்த அவருடைய கல்லறையும் அதே ஊரில்தான்.

●

சார்மினாருக்கு மெட்ரோவில் போகலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். பச்சைப் பாதை எம்.ஜி.பி.எஸ். பேருந்து நிலையத்தோடு முடிந்துவிடுகிறது. பழைய நகருக்குள் சந்திராயண்குட்டா வரை 7.5 கி.மீ. நீட்டும் வேலை இன்னும் முடியவில்லை. அதுவரை எம்.ஜி.பி.எஸ். வாசலில் ஆட்டோக்காரரோடு பேரம்தான். இந்தியில் எண்கள் மட்டும் தெரிந்தால் சமாளித்துவிடலாம்.