கல்வராயன் மலைப் பிள்ளைக்குப் பிரெஞ்சு எதற்கு?

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பிரெஞ்சு படிப்பவர்கள் பெரும்பாலும் மேல்நிலை வகுப்பில் தமிழுக்குப் பதிலாக அதை எடுத்துக்கொள்ளும் தனியார் பள்ளி மாணவர்கள். 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் பத்தாம் வகுப்புவரைதான் தமிழைக் கட்டாயமாக்கியது. பிளஸ் ஒன்னில் மொழிப்பாடத்தை மாற்றிக்கொள்ளலாம். பிரெஞ்சில் மதிப்பெண் எளிதாகக் கிடைக்கும் என்ற எண்ணம் பலரை அந்தப் பக்கம் இழுக்கிறது. தேர்வு முடிந்த மறுநாளே மொழியும் மறந்துபோகிறது. ஆனால் பிரெஞ்சு சோறு போடக்கூடிய ஊர் ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. கள்ளக்குறிச்சியில் பேருந்து ஏறினால் விழுப்புரம் வழியாகச் சில மணி நேரத்தில் புதுச்சேரி. அங்குள்ள உணவகங்களுக்கும் விடுதிகளுக்கும் கைவினைக் கடைகளுக்கும் வேலைக்குப் போகக்கூடியவர்கள் அரசுப் பள்ளிகளின் தொழிற்கல்விப் பிரிவில் படிக்கும் பிள்ளைகள். அவர்களிடம் இந்த மொழி போய்ச் சேருவதில்லை. அவர்களுக்குத் தொழிலோடு சேர்த்துப் பிரெஞ்சு கற்பிக்கலாம், அதையும் வகுப்பைப் பிரிக்காமலே கற்பிக்கலாம் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

தமிழை வாசிக்கவே தடுமாறும் பிள்ளைக்கு இன்னொரு மொழியா என்ற கேள்வி முதலில் எழும். நியாயமான கேள்விதான். ஒன்பதாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் பத்தியைச் சரளமாக வாசிப்பவரும் எழுத்துக்கூட்டி வாசிப்பவரும் உட்கார்ந்திருப்பது ஆசிரியர்கள் அறிந்ததே. 6 முதல் 9 வரையிலான வகுப்புகளுக்குத் 'திறன்' என்ற திட்டத்தை அரசு கொண்டுவந்ததே இந்த இடைவெளிக்காகத்தான். ஆனால் ஆங்கில வகுப்பில் அந்த இடைவெளிக்கு எட்டொன்பது வயது ஆகிவிட்டது. பிரெஞ்சில் எல்லோரும் ஒரே நாளில் தொடங்குகிறார்கள். காது வழியாகத் தொடங்கினால் தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு சாதகமும் இருக்கிறது. 'மரம்', 'வந்தான்' என்று எழுதுகிறோம். பேசும்போது கடைசி மெய் மூக்கொலியாகக் கரைந்துவிடுகிறது. 'போன்' (bon, நல்ல), 'பேன்' (pain, ரொட்டி) போன்ற பிரெஞ்சுச் சொற்களின் ஈற்றில் ஒலிப்பது அதே வகை மூக்கொலிதான். நம் தகரத்தைப் போலவே பிரெஞ்சுத் தகரமும் பல்லைத் தொடுகிறது. பெரியவரிடமும் அறியாதவரிடமும் 'நீங்கள்', நண்பனிடம் 'நீ' என்ற வேறுபாடு பிரெஞ்சிலும் உண்டு, நம் பிள்ளைக்கு அதை விளக்க வேண்டியதே இல்லை. இவையெல்லாம் கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைப் பிள்ளைக்கும் கள்ளக்குறிச்சி நகரப் பிள்ளைக்கும், நன்றாக வாசிப்பவருக்கும் வாசிக்கத் திணறுபவருக்கும் பொதுவான சொத்து.

எழுத்துக்கு வந்ததும் பழைய இடைவெளி திரும்பும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. உச்சரிக்காத எழுத்துகள் நிறைந்த மொழி பிரெஞ்சு. அந்த இடத்தில்தான் வகுப்பை இரண்டாகப் பிரிக்கும் ஆசை வரும்: கெட்டிக்காரர்களுக்கு முழுப் புத்தகம், மெல்லக் கற்போருக்கு மினிமம் மெட்டீரியல். இங்கிலாந்தின் ஜி.சி.எஸ்.இ. தேர்வில் பிரெஞ்சுக்கு இரண்டு அடுக்குகள் உண்டு. கீழ் அடுக்கில் எழுதுபவர் எவ்வளவு நன்றாக எழுதினாலும் ஒன்பதில் ஐந்தாம் தரத்துக்கு மேல் பெற முடியாது. நான்கு திறன்களையும் ஒரே அடுக்கில்தான் எழுத வேண்டும் என்பதால், பேச்சில் வல்லவர்கூட எழுத்தின் பலவீனத்தால் கீழே நிற்க நேரும். நம் தொடக்கப் பள்ளிகள் இதைவிட நல்ல வழியைப் பார்த்திருக்கின்றன. 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகள் ஒரே வகுப்பறைக்குள்ளேயே இருக்கின்றன. பிள்ளை முன்னேற முன்னேற நிலை மாறும். உயர்நிலைப் பள்ளிக்கு வந்ததும் இந்த நெகிழ்வைக் கைவிடுவானேன்?

தொழில்சார் மொழிப் பாடம் இதற்கு மிகப் பொருத்தமானது. அது இலக்கணத்தில் தொடங்காமல், யார் யாரிடம் எங்கே என்ன சொல்ல வேண்டியிருக்கும் என்பதில் தொடங்குகிறது. 2021-இல் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்தையே எடுத்துக்கொள்வோம். மேசைமேல் ஒரு பிள்ளையார் சிலை. வாங்க வந்தவர் விலை கேட்கிறார். வணக்கம் சொல்லி விலையைச் சொல்வது எல்லோரும் செய்ய வேண்டிய வேலை. அடுத்த படியில் என்ன மரம், கையால் செதுக்க எத்தனை நாள் என்று இரண்டு மூன்று வாக்கியங்கள். அதற்கும் மேலே, பேரம் பேசி, பார்சல் அனுப்பும் விவரத்தை எழுதிக் கொடுப்பது. வேலை ஒன்றுதான், ஆழம் மட்டும் வேறு. விலை 475 ரூபாய் என்றால் பிரெஞ்சில் நானூறு, அறுபது, பதினைந்து என்று அடுக்கிச் சொல்ல வேண்டும். எண்பது என்பது நான்கு இருபது. வாசிப்பில் பின்தங்கி மனக்கணக்கில் முந்தும் பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. இந்த இடத்தில் அவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். அப்படிப்பட்ட தருணத்தைப் பாடத்திட்டமே உருவாக்கித் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கெட்டிக்கார மாணவர் தேங்கிவிடுவார் என்ற அச்சத்துக்கு மூன்றாம் படியே விடை. தேர்வுக்கும் முன்மாதிரி இருக்கிறது. பிரெஞ்சு அரசின் தொடக்கநிலை மொழித் தேர்வான டெல்ஃப் ஏ1-இல் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பெண். மொத்தம் 50 எடுத்தால் தேர்ச்சி. ஒவ்வொன்றிலும் குறைந்தது 5 வேண்டும். எழுத்தில் தடுமாறுபவர் கேட்டலிலும் பேச்சிலும் ஈடுகட்டலாம், ஆனால் எழுத்தை அடியோடு விட்டுவிட முடியாது.

1968 முதல் இருமொழிக் கொள்கையில் உறுதியாக நிற்கும் மாநிலத்தில் இது மூன்றாம் மொழியைப் பின்வாசல் வழியாகக் கொண்டுவருவதாகாதா? கட்டாயமானால் ஆகும். விரும்பியவர் மட்டும் சேர்வதாக, தொழிற்கல்விச் செய்முறை நேரத்துக்குள் அடங்குவதாக, ஆண்டுத் தேர்ச்சியைப் பாதிக்காததாக இருந்தால் ஆகாது. எல்லோருக்கும் பிரெஞ்சால் வேலை கிடைத்துவிடாது என்பதும் உண்மை. உளுந்தூர்பேட்டையில் 20,000 பேருக்கு வேலை என்ற அறிவிப்போடு வரும் தைவான் நிறுவனத்தின் காலணி ஆலை பிரெஞ்சைக் கேட்கப் போவதில்லை. ஆனால் அங்கே மேற்பார்வையாளர் சொல்லும் ஆங்கிலத்தைப் புரிந்துகொள்ளவும் இதே முறையில் பயிற்சி தரலாம்.

மிகக் கடினமான தடை ஆசிரியர்தான். பள்ளிக்கு ஒருவர் என்பது நடக்காது. ஆனால் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சுத் துறை இருக்கிறது. பிரெஞ்சு கற்பிக்கும் அலியான்ஸ் பிரான்சேஸ் 1889 முதல் புதுச்சேரியில் இயங்குகிறது. அங்கே பயின்ற ஒருவரைச் சில பள்ளிகள் பகிர்ந்துகொள்ளலாம். கல்வராயன் மலையில் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் தொடங்குவது நல்லது. பிள்ளைகள் மாலையிலும் அங்கேயே இருப்பதால், கடைசிப் பேருந்தைப் பிடிக்கும் அவசரமின்றி உரையாடல் பயிற்சி நடத்தலாம். ஓராண்டு கழித்துத் தேர்ச்சி விழுக்காட்டை மட்டும் பார்த்து இதை எடைபோடக் கூடாது. தொடக்கத்தில் தமிழ் வாசிப்பில் பின்தங்கியிருந்தவர்களில் எத்தனை பேர் கேட்டலிலும் பேசுதலிலும் பாதிக்கு மேல் எடுத்தார்கள் என்ற கணக்கைப் பள்ளிக் கல்வித் துறையும் பழங்குடியினர் நலத் துறையும் தனியாக எடுத்து வெளியிட வேண்டும்.