நீந்தாத நீச்சலாசான்

ஆசிரியர்க்கு இலக்கணம் வகுக்கப் புகுந்த பவணந்தி முனிவர், நன்னூற் பொதுப்பாயிரத்திலே நல்லாசிரியனை நிலத்துக்கும் மலைக்கும் நிறைகோலுக்கும் மலருக்கும் ஒப்பிட்டார். அவ்வளவில் அமையாது, ஆசிரியராகாதாரையும் நான்கு உவமைகளாற் காட்டினார். அவற்றுள் ஒன்று பருத்திக் குண்டிகை. வாய் சிறுத்த குடத்தினுள்ளே பருத்தியை அடைப்பதும் வருத்தம். அடைத்ததனை வெளியே எடுப்பதும் வருத்தம். அரிதின் முயன்று கற்றும், கற்றதனைப் பிறர்க்கு எடுத்து வழங்கமாட்டாதவர்க்கு இதனினும் பொருத்தமான உவமை கிடைத்தல் அரிது. முப்பது ஆண்டுகளாக இலக்கணம் கற்பித்துவரும் யான், இவ்வுவமையை விளக்குந்தோறும் மாணாக்கர் சிலர் தம்முள் நகைத்துக்கொள்வதைக் கண்டிருக்கிறேன். யாரை நினைந்து நகைக்கின்றனர் என வினாவ மாத்திரம் துணிந்ததில்லை.

இவ்விலக்கணம் ஏட்டுக் கல்விக்கே உரியதோ? உடம்பாற் பயிலுங் கலைகளுக்கும் பொருந்துமோ? நீச்சலைக் கற்பிப்பவர் முதற்கண் தாம் பெரிய நீச்சல் வீரராய் இருத்தல் வேண்டும் என்றே எவரும் எண்ணுவர். நீச்சற் கழகங்கள் தம் பயிற்றுநரை அறிமுகஞ் செய்யும்போது, அவர் எந்த ஆண்டில் எந்தப் பதக்கம் வென்றார் என்பதையே முன்வைக்கின்றன. பிள்ளையைக் கையிற் பிடித்துக்கொண்டு வரும் பெற்றோரும் அதனையே கேட்கின்றனர். வென்றவரே கற்பிக்கத் தக்கவர் என்னும் இவ்வெண்ணத்தை அசைத்துப் பார்ப்பதற்கு, ஹவாய்த் தீவுக் கூட்டத்துள் ஒன்றாகிய மாவுயித் தீவிலே வாழ்ந்த பள்ளியாசிரியர் ஒருவரின் வரலாறு போதும்.

அவர் பெயர் சொயிச்சி சகமோட்டோ. யப்பானிலிருந்து குடியேறிய பெற்றோர்க்கு 1906ஆம் ஆண்டு மாவுயியிற் பிறந்தவர். புனேனே என்னும் கரும்புத்தோட்ட ஊரில் ஆசிரியத் தொழில் பார்த்தார். அவர் நீச்சல் வீரரல்லர். போட்டி நீச்சலில் இறங்கியவருமல்லர். நீந்தத் தெரிந்ததும் சொற்பமே என்பர். அவரிடம் கற்ற பிள்ளைகள் பெரும்பாலும் தோட்டத் தொழிலாளரின் மக்கள். மலைப்புறத்திலிருந்து கரும்புக் காட்டுக்கு நீர் கொண்டுவரும் வாய்க்கால்களே அப்பிள்ளைகளுக்கு விளையாட்டிடம். தோட்டத்துக் காவலர் கண்டால் துரத்துவர். பிள்ளைகளை யாராவது மேற்பார்வை செய்தால் நீரில் இறங்க விடலாம் என்ற நிலையில், அப்பொறுப்பை ஏற்றுக்கொண்டவர் சகமோட்டோ. பதக்கமும் புகழும் அவர் நினைவில் அப்பொழுது இருந்தன என்று கொள்ளுதற்கு இடமில்லை. துரத்தப்படும் பிள்ளைகளுக்கு இரங்கிய ஆசிரியர் ஒருவர் கரையில் வந்து நின்றார், தொடக்கம் அவ்வளவே.

கரையில் நின்றவர் சும்மா நிற்கவில்லை என்பதிலேதான் இக்கதை முழுவதும் அடங்கியுள்ளது. ஓடுகின்ற நீரிலே பிள்ளைகளை எதிர்முகமாக நீந்தவிட்டார். சிறிது தூரம் எதிர்த்து நீந்துவது, களைத்ததும் நீரோட்டத்தோடு மிதந்து பின்னே வருவது, மீண்டும் எதிர்ப்பது. கடுமுயற்சியும் இளைப்பாறலும் மாறிமாறி வரும் இம்முறையைப் பிற்காலப் பயிற்றுநர் பெரிதும் போற்றினர். இங்கே கருதத்தக்கது ஒன்றுண்டு. நின்ற நீரில் கையைப் பிழையாக வீசினால் வேகம் சற்றுக் குறையும்; நீந்துபவனுக்கு அது தெரியாமலும் போகலாம். ஓடும் நீரில் அவ்வாறன்று. பிழை செய்த கணமே நீர் அவனைப் பின்னே தள்ளிவிடும். கரைமரத்தை அடையாளமாக வைத்துப் பார்த்தால், எந்தக் கைவீச்சு முன்னே கொண்டுசென்றது, எது வீணாயிற்று என்பது குழந்தைக்கும் விளங்கும். கரும்பலகையில் எழுதித் திருத்த வேண்டியதனை வாய்க்காலே எழுதித் திருத்திவிடுகிறது. தமக்குத் தெரியாததனைத் தண்ணீரைக் கொண்டு கற்பிப்பதற்குப் பெரியதோர் அடக்கம் வேண்டும். வீரராய் இருந்தவர் 'நான் செய்வதைப் பார்' என்று நீரிற் குதித்திருப்பார். சகமோட்டோ குதிக்க இயலாதவர், ஆகவே பார்த்தார். ஒவ்வொரு பிள்ளையின் தோளும் கையும் காலும் எவ்வாறு இயங்குகின்றன என்று நாள்தோறும் பார்த்தார். நூல்களைத் தேடிப் படித்தார்.

1937ஆம் ஆண்டு அவர் ஒரு கழகத்தை அமைத்தார். அதன் பெயர் மூவாண்டு நீச்சற் கழகம். மூன்றாண்டு பயின்று 1940ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டியில் ஐக்கிய அமெரிக்கா சார்பில் நீந்துவதே அதன் நோக்கம். கூலித் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளியாசிரியர் இட்ட இலக்கு இது! கேட்டோர் நகைத்திருப்பின் அவரைக் குறைகூற முடியாது. அப்போட்டி நடைபெறக் குறித்திருந்த இடமோ ரோக்கியோ நகர். யப்பானிலிருந்து வந்த குடியானவரின் மக்கள் அமெரிக்கக் கொடியின் கீழ் யப்பானுக்கே நீந்தச் செல்வது என்னும் விசித்திரத்தை ஆசிரியர் உணராதிருக்கமாட்டார்.

பயிற்சி கடுமையானது, ஆசிரியர் கண்டிப்பு மிக்கவர். வாய்க்காலிலிருந்து தோட்டத்துக் குளிகுளத்துக்குப் பயிற்சி மாறிற்று. கியோ நகாமா, ஹேலோ ஹிரோசே என்னும் இளைஞர்களும் பியூஜிகோ கட்சுத்தானி என்னும் பெண்ணும் அமெரிக்க நாடறிந்த பெயர்களாயினர். 1939, 1940, 1941 ஆகிய மூன்றாண்டும் அமெரிக்கத் தேசிய நீச்சற் போட்டியின் அணி வெற்றி மாவுயித் தீவினர்க்கே கிடைத்தது. இவர்களது அணி, தீவிலிருந்த ஒரு சமூக நிலையத்தின் பெயரிலேதான் போட்டியிட்டது. பெருங் கல்லூரியின் பெயரோ செல்வர் கழகத்தின் பெயரோ அதற்கு இல்லை. ஹொனலூலுவிலிருந்து வில்லியம் ஸ்மித் என்னும் இளைஞன் கடல் கடந்து மாவுயிக்கு வந்து, ஆசிரியர் இல்லத்திலேயே தங்கிப் பயின்றான். குருகுலவாசம் கீழைத்தேயத்து ஏடுகளோடு மறைந்துபோயிற்று என்போர் இதனைக் கவனிப்பாராக.

மூன்றாண்டுக் கனவு நிறைவேறவில்லை. 1938இல் யப்பான் போட்டியைக் கைவிட்டது. ஹெல்சிங்கி நகருக்கு மாற்றினர். போர் மூண்டதால் அங்கும் நடைபெறவில்லை. 1941 திசெம்பரில் பேள் துறைமுகம் தாக்கப்பட்டதன்பின் யப்பானிய முகங்கொண்ட ஒவ்வோர் இளைஞனும் ஐயத்தோடு நோக்கப்பட்டான். ஹிரோசே, யப்பானிய வழிவந்த அமெரிக்கரைக் கொண்ட 442ஆம் படைப்பிரிவிற் சேர்ந்து ஐரோப்பியப் போர்முனைக்குச் சென்றான். நீச்சல் வீரனுக்கு உரிய இளமை எத்துணைக் குறுகியது என்பதை அறிந்தோர், அழிந்த இரண்டு ஒலிம்பிக் போட்டிகளின் விலையை அறிவர்.

1948ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் ஸ்மித் 400 மீற்றர் நீச்சலிலும் அணிக்குரிய தொடர் நீச்சலிலும் பொற்பதக்கங்கள் வென்றான். 1952இல், முன்னர் கைநழுவிய அதே ஹெல்சிங்கி நகரில், சகமோட்டோவிடம் பயின்ற ஈவலின் கவமோட்டோ இரண்டு வெண்கலப் பதக்கங்கள் பெற்றாள். ஆசிரியரும் ஹவாய்ப் பல்கலைக்கழகத்திற் பயிற்றுநராகி, 1966இல் சருவதேச நீச்சற் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றார்.

நிற்க. நீந்தாதிருத்தலே பயிற்றுநர்க்குத் தகுதி என்று யான் சாதிக்க வரவில்லை. ஜேம்ஸ் கவுன்சில்மன் இளமையில் நீச்சலில் வென்றவர். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர். பின்னர் இந்தியானாப் பல்கலைக்கழகத்தில் மார்க் ஸ்பிட்சைப் பயிற்றியவர். 1979இல் ஐம்பத்தெட்டு வயதில் ஆங்கிலக் கால்வாயையும் நீந்திக் கடந்தவர். நீர்க்கீழ்ப் படப்பிடிப்பால் கைவீச்சை ஆராய்ந்து 1968இல் நீச்சலின் விஞ்ஞானத்தை நூலாக்கியவரும் அவரே. அவுஸ்திரேலியரான போர்ப்ஸ் கார்லைலோ சிட்னிப் பல்கலைக்கழகத்தில் உடற்றொழிலியல் கற்பித்தவர். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் மூன்று பொற்பதக்கம் வென்ற ஷேன் கூல்ட் அவரது மாணாக்கி. வீரர், உடற்றொழில் அறிஞர், கிராமத்துப் பள்ளியாசிரியர் என மூவர் வந்த வழியும் வெவ்வேறு. மூவரும் நீந்துபவனை உற்று நோக்குவதில் மாத்திரம் ஒருவரையொருவர் ஒத்தனர். உயிர்காக்கும் பயிற்சி பெறாத ஒருவரை இன்று பிள்ளைகள் நீந்தும் கரையில் தனியே நிறுத்துதல் ஆகாது என்பதையும் சொல்லவேண்டும். சகமோட்டோ அவ்வாறு நின்றார் என்பதற்காக அது வழக்காகிவிடாது. ஆயின் உயிர்காப்புச் சான்றிதழ் கேட்பது ஒன்று. பதக்கம் கேட்பது வேறொன்று. முன்னதைக் கேளாமல் பின்னதை மாத்திரம் கேட்கும் பெற்றோரையே யான் அதிகம் காண்கிறேன்.

சகமோட்டோவின் மாணாக்கருள் எனக்கு மிக உவப்பானவர் கியோ நகாமா. ஒலிம்பிக் அவருக்குக் கிட்டவேயில்லை. அவர் கல்லூரிப் படிப்பு முடித்து ஹவாய்க்கு மீண்டு ஆசிரியரானார், நீச்சற் பயிற்றுநருமானார். 1961ஆம் ஆண்டு, நாற்பத்தொரு வயதில், மொலொக்காய்த் தீவுக்கும் ஒவாகுத் தீவுக்கும் இடைப்பட்ட கடலை, ஏறத்தாழ 27 மைல், பதினைந்து மணி நேரத்துக்கு மேல் நீந்திக் கடந்தார். அக்கடலை அவ்வாறு கடந்தவராக முதலில் அறியப்படுபவர் அவரே. பிற்காலத்தில் ஹவாய்ச் சட்டசபையிலும் அமர்ந்தார்.

சகமோட்டோ 1997இல் மறைந்தார். மாவுயியின் வைலுக்கு நகரிலுள்ள நீச்சற் குளம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. புனேனே ஆலை 2016ஆம் ஆண்டு இறுதியிற் கடைசிக் கரும்பை அரைத்து நின்றுவிட்டது.