பேஸ் என்பது காற்றுக் கணக்கு

ஐயாயிரம் ரூபாயை வைத்துக்கொண்டு கணினிக்கு ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர் கண்ணில் முதலில் படுவது பெட்டியல்ல, அட்டையில் அச்சடித்திருக்கும் எண். 5,000 வாட், 10,000 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். கண்ணை இடுக்கிப் பார்த்தால் பக்கத்தில் பி.எம்.பி.ஓ. என்று பொடியாக இருக்கும். சென்னை ரிச்சி தெருவானாலும் சரி, கர்நாடகத்தின் ஹனூர்க் கடைத்தெருவானாலும் சரி, இந்த வித்தை மாறுவதில்லை.

ஹனூரை இங்கே இழுப்பதற்குக் காரணம் உண்டு. மேட்டூரிலிருந்து கொளத்தூர், பாலாறு வழியாக மாதேஸ்வரன் மலை ஏறி, மறுபக்கம் கொள்ளேகாலத்துக்குப் போகும் சாலையில் இருக்கும் ஊர் அது. மாதேஸ்வரன் மலைக் காடு, காவிரிக் காடு, பிலிகிரிரங்கன் மலைக் காடு என்று சுற்றிலும் காடுதான். அந்தக் காட்டில் வாழும் ஒரு விலங்கு, எந்தக் கடை சப்வூஃபருக்கும் கைவராத காரியத்தை மின்சாரமே இல்லாமல் செய்கிறது. அந்தக் கதைக்குப் போகுமுன் அட்டையில் இருக்கும் எண்ணை ஒரு கை பார்த்துவிடலாம்.

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அதிலிருந்து 10,000 வாட் எடுக்க 43 ஆம்பியர் ஓட வேண்டும். சாதாரண பிளக் 6 ஆம்பியருக்கானது. ஹீட்டருக்கும் ஏசிக்கும் போடுகிற பெரிய பிளக்கே 16 ஆம்பியர்தான். யு.எஸ்.பி. வயரில் மின்சாரம் எடுக்கும் குட்டி ஸ்பீக்கர்களின் கதை இன்னும் வேடிக்கை. வழக்கமான யு.எஸ்.பி. துளை 5 வோல்ட்டில் அரை ஆம்பியர் தரும். அதாவது இரண்டரை வாட். உள்ளே இரண்டரை போனால் வெளியே அதற்குமேல் தொடர்ந்து வருவதற்கு இயற்கையில் வழியில்லை. பி.எம்.பி.ஓ.வுக்கு எல்லாரும் ஒத்துக்கொண்ட அளவுமுறை எதுவும் கிடையாது; அச்சடிப்பவர் மனசுதான் அளவு. ஆர்.எம்.எஸ். என்று போட்ட வாட் ஒன்றே ஓரளவு நம்பத்தக்கது. அதிலும் சந்தேகம் வந்தால் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். 12 வோல்ட், 2 ஆம்பியர் என்றிருந்தால் மொத்த வரவே 24 வாட். செலவும் அதற்குள்தான்.

அந்த வரவிலும் பெரும்பகுதி வெறும் சூடாகப் போய்விடுகிறது. வீட்டு ஸ்பீக்கர்களில் மின்சாரத்தில் நூற்றில் ஒரு பங்கு சத்தமாக மாறினாலே பெரிது. அதோடு, வாட்டை இரண்டு மடங்காக்கினால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். அது காதுக்குக் கொஞ்சம்போலத்தான் தெரியும். இரண்டு மடங்கு சத்தம் என்று நம் காது ஒப்புக்கொள்ள, ஏறக்குறைய பத்து மடங்கு வாட் தேவை. ஆகவே 20 வாட் பெட்டியா 30 வாட் பெட்டியா என்று கடையில் நின்று மண்டையை உடைத்துக்கொள்வதில் பயனில்லை.

பிறகு எதைப் பார்த்து வாங்குவது? கூம்பின் அளவையும் பெட்டியின் அளவையும் பார்க்க வேண்டும். ஏனென்றால் பேஸ் எனும் கனத்த அடியொலி வாட் கணக்கல்ல, காற்றுக் கணக்கு.

ஸ்பீக்கரின் உள்ளமைப்பு நூறு ஆண்டுகளாக மாறவில்லை. காந்தத்தின் நடுவே கம்பிச்சுருள், சுருளோடு ஒட்டிய கூம்பு. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் இருவரும் 1925இல் அறிவித்த வடிவத்தின் வாரிசுதான் இன்று உங்கள் மேசையில் இருப்பதும். கூம்பு முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளி இழுக்கிறது. மெல்லிய கீச்சுக்குரலுக்குக் கொஞ்சம் காற்று போதும், வேகம்தான் வேண்டும். கனத்த ஒலிக்கு வேகம் குறைவு. அந்தக் குறையைக் காற்றின் அளவால் ஈடுகட்டியாக வேண்டும். மெதுவாக வீசிக் காற்று வாங்க ஈர்க்குச்சி உதவாது, பனையோலை விசிறிதான் வேண்டும்.

எவ்வளவு காற்று? அதிர்வெண் பாதியானால், அதே சத்தத்துக்கு நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். தரையில் வைத்த ஒரு பெட்டி, ஒரு மீட்டர் தூரத்தில் 90 டெசிபல் சத்தத்தை 40 ஹெர்ட்சில் எழுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கூம்பு நடுநிலையிலிருந்து ஒரு பக்கம் தள்ள வேண்டிய காற்று சுமார் 75 கன சென்டிமீட்டர். 1,000 ஹெர்ட்சில் இதே சத்தத்துக்கு அதில் அறுநூறில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. இனி இதைக் கூம்பின் பரப்பால் வகுத்துப் பாருங்கள். நான்கு அங்குல ஸ்பீக்கரின் கூம்பு ஒன்றரை சென்டிமீட்டர் துள்ள வேண்டியிருக்கும். அந்த அளவு ஸ்பீக்கர்கள் மூன்று நான்கு மில்லிமீட்டருக்குமேல் போனாலே கரகரக்கும். எட்டு அங்குலக் கூம்புக்கு அதே வேலை மூன்றரை மில்லிமீட்டரில் முடிந்துவிடும். பேஸுக்கென்றே இருக்கும் சப்வூஃபர் பருத்திருப்பது அழகுக்காக அல்ல.

பெட்டியையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். 1957இல் அமெரிக்காவில் கே.எல்.எச். நிறுவனத்தைத் தொடங்கிய மூவரில் ஒருவர் ஹோஃப்மன். புகழ்பெற்ற பியானோ மேதை யோசெஃப் ஹோஃப்மனின் மகன். அவர் பெயரால் ஒரு இரும்பு விதி வழங்குகிறது. சிறிய பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த மின்சாரத்தில் நிறையச் சத்தம் ஆகிய மூன்றில் ஏதாவது இரண்டைத்தான் எடுத்துக்கொள்ள முடியும். மூன்றும் தருகிறேன் என்கிற விளம்பரத்தை நம்புகிறவர் இயற்பியலோடு வம்பு வளர்க்கிறார். மலிவுப் பெட்டிகள் ஒரு தந்திரம் செய்யும். பெட்டியில் ஒரு குழாய் வைத்து, அதற்குள் இருக்கும் காற்றை ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் அதிரவிடும். முறையாகச் செய்தால் அருமையான ஏற்பாடு. ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961இலும், பிறகு ரிச்சர்ட் ஸ்மாலும் இதற்கான கணக்கைத் தெளிவாகப் போட்டுக்கொடுத்தார்கள். அந்தக் கணக்கைப் பார்க்காமல் செய்த பெட்டியில் பாட்டில் எந்தப் பேஸ் சுரம் வந்தாலும் ஒரே ‘தொம்’தான் கேட்கும். கடையில் அசத்தும், வீட்டில் மூன்றாம் நாள் தலைவலி தரும்.

இப்போது காட்டு விலங்கின் கதைக்கு வரலாம். அந்த விலங்கு யானை, கதை தொடங்குவது ஒரு காட்சிசாலையில். 1984இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் விலங்குக் காட்சிசாலையில் ஆசிய யானைகளின் கூண்டருகே நின்ற கேட்டி பெய்ன், காதில் எதுவும் விழாமலே காற்றில் ஏதோ துடிப்பதை உடம்பில் உணர்ந்தார். திமிங்கிலங்களின் பாட்டை ஆராய்ந்தவர் அவர். சிறுவயதில் தேவாலயத்தில் பெரிய ஆர்கன் குழாய் முழங்கும்போது இப்படித்தான் இருந்தது என்று பின்னர் அவருக்கு நினைவுக்கு வந்தது. ஒலிப்பதிவு செய்து, நாடாவை வேகமாக ஓட்டிப் பார்த்தபோது யானைகளின் பேச்சு வெளிப்பட்டது. வில்லியம் லாங்பௌர், எலிசபெத் தாமஸ் ஆகியோருடன் 1986இல் அதை வெளியிட்டார். 14 முதல் 24 ஹெர்ட்ஸ் வரையான முழக்கம். பக்கத்தில் அளந்தால் 85 முதல் 90 டெசிபல்.

இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. யானைகளின் இந்த அடித்தொண்டை முழக்கத்தைப் பெய்னுக்கு முன்பே காட்டில் கவனித்துச் சொன்னவர் சென்னையில் வாழ்ந்த இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன், ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன். கையில் ஒலிக்கருவி எதுவுமின்றி, கண்ணையும் காதையும் நம்பிக் காடு சுற்றியவர். கருவிகள் வந்து அவர் கவனித்ததை உறுதிசெய்ய வேண்டியிருந்தது.

மேலே போட்ட கணக்கை யானைக்கும் போட்டுப் பார்த்தால் திகைப்பாக இருக்கிறது. 14 ஹெர்ட்சில் 90 டெசிபலுக்கு நம் பெட்டி ஒவ்வொரு அசைவிலும் அரை லிட்டருக்கு மேல் காற்றைத் தள்ள வேண்டும். எட்டு அங்குலக் கூம்பு கிட்டத்தட்ட மூன்று சென்டிமீட்டர் துள்ளியாக வேண்டும், கிழிந்துவிடும். கென்யாவின் அம்போசெலியில் யானைகளுக்கு யானைக்குரலைப் போட்டுக்காட்டி ஆராய்ந்த காரென் மெக்கோம்ப் குழுவினர் அதற்கென்றே தனியாக ஒரு பேஸ் பெட்டியைச் செய்வித்துக்கொண்டு போனார்கள். பெர்லின் காட்சிசாலையில் இறந்த ஒரு யானையின் குரல்வளையை எடுத்து, அதனூடே காற்றைச் செலுத்திப் பார்த்த ஆய்வு ஒன்று 2012இல் வெளிவந்தது. நாம் பாடுகிற அதே முறையில்தான், குரல்நாண்கள் காற்றோட்டத்தில் அதிர்ந்துதான், யானையும் முழங்குகிறது என்று அது காட்டியது. நாண் நீளம், அதனால் சுருதி ஆழம். அவ்வளவே வேறுபாடு.

அந்த முழக்கம் ஏன் நமக்குப் பெரும்பாலும் கேட்பதில்லை? அதற்கான விடை ஸ்பீக்கர் வாங்குகிறவருக்கும் வேண்டியதுதான். தாழ்ந்த ஒலியில் நம் காது மந்தம். 1,000 ஹெர்ட்சில் ஏறக்குறைய சுழியம் டெசிபலே கேட்கும் காதுக்கு, 40 ஹெர்ட்சில் 50 டெசிபலும் 20 ஹெர்ட்சில் 78 டெசிபலும் வந்தால்தான் ஏதோ இருக்கிறது என்றே தெரியும். 1933இல் ஃபிளெட்சரும் மன்சனும் இதை அளந்து வரைபடமாக்கினார்கள். ராத்திரி சத்தத்தைக் குறைத்து வைத்தால் பாட்டில் சதை போய் எலும்பு மட்டும் மிஞ்சுவது இதனால்தான். பழைய டேப்ரிக்கார்டர்களில் ‘லௌட்னஸ்’ என்று ஒரு பொத்தான் இருந்ததே, இந்தக் குறையை நிரப்பத்தான் அது.

காது மந்தமானாலும் மூளை கெட்டிக்காரப் பேர்வழி. ஆண்குரலின் அடிப்படை அதிர்வெண் பெரும்பாலும் 85 முதல் 180 ஹெர்ட்சுக்குள். பழைய தொலைபேசியோ 300க்குக் கீழே எதையும் கடத்தாது. ஆனாலும் மறுமுனையில் பேசுவது அப்பாதான் என்று நமக்குத் தெரிந்தது, குரல் கீச்சென்றும் ஆகவில்லை. அடிப்படையின் மடங்குகளாக மேலே வரும் அதிர்வுகளைக் கேட்டு, கீழே விடுபட்டதை மூளையே போட்டுக்கொள்கிறது. மிருதங்கம் சின்ன ஸ்பீக்கரிலும் சுருதியோடு கேட்பதில் இதற்குப் பங்குண்டு. நடுவில் இருக்கும் கருப்புச் சோறு, தோலின் அதிர்வுகளை ஒன்று, இரண்டு, மூன்று என்ற முழு விகிதத்துக்குக் கொண்டுவருகிறது என்று சி.வி. ராமனும் சிவகாளி குமாரும் 1920இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். வலது முகமான வலந்தலை போனில் பிழைத்துக்கொள்ளும். இடது முகமான தொப்பியின் கும்காரம்தான் காணாமற்போகும்.

ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, நீங்கள் என்ன கேட்கப்போகிறீர்கள் என்பது. ஒரு கட்டைச் சுருதியில் பாடுகிற ஆண் பாடகரின் ஷட்ஜம் 130 ஹெர்ட்ஸ்; தம்புராவின் மந்தர ஷட்ஜம் 65. கச்சேரி, பழைய பாட்டு, செய்தி, பாடம் என்று கேட்கிறவருக்குச் சப்வூஃபர் தேவையே இல்லை. நான்கு அங்குலக் கூம்புள்ள நல்ல ஜோடி ஒன்று போதும். இளையராஜா பாட்டில் பேஸ் கிதாரைப் பின்தொடர்கிறவர்கள் கொஞ்சம் இறங்க வேண்டும். அந்தக் கிதாரின் அடிக்கம்பி 41 ஹெர்ட்ஸ். அவர்களுக்கும், வெடிச்சத்தம் வேண்டுகிற படப் பிரியர்களுக்கும், கேம் விளையாடுகிற பிள்ளைகளுக்கும் சப்வூஃபரில் அர்த்தம் உண்டு.

இரண்டு ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் சேர்ந்த மலிவான 2.1 செட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஏறக்குறைய 80 ஹெர்ட்சுக்குக் கீழே ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குத் தெரியாது. அங்கே அலையின் நீளமே நான்கு மீட்டருக்கு மேல். ஒரே ஒரு சப்வூஃபர் போதும் என்பதன் ரகசியம் அதுதான். ஆனால் கூடவரும் இரண்டு ஸ்பீக்கர்களும் கைப்பிடி அளவே இருந்தால், 150, 200 ஹெர்ட்ஸ் வரை பாரத்தைச் சப்வூஃபர்தான் சுமக்க வேண்டும். அப்போது திசை தெரிந்துவிடும். பாடகர் மேசைக்கடியில் உட்கார்ந்து பாடுவார். அதனால் பெரிய சப்வூஃபரும் குட்டி ஸ்பீக்கரும் உள்ள செட்டைவிட, அதே விலையில் சப்வூஃபரே இல்லாத பருத்த ஜோடியைத்தான் நான் எடுப்பேன்.

காசு கொடுக்காமல் கிடைக்கும் பேஸும் உண்டு. சுவரோரம் வைத்தால் அடியொலி கூடும், மூலையில் வைத்தால் இன்னும் கூடும். காற்று விரிய இடம் குறைகிறது. அதிகமாகிக் குமுறினால் கொஞ்சம் விலக்கி வையுங்கள். பத்தடி அறையில், எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே 57 ஹெர்ட்ஸ் அருகில் அலை ஒன்று நின்றுவிடும். அது சுவரோரம் பலமாகவும் நட்டநடுவில் மெலிந்தும் இருக்கும். பேஸ் போதவில்லை என்று பெட்டியை மாற்றுமுன் நாற்காலியை இரண்டடி நகர்த்திப் பாருங்கள். சுவர் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போவதும் இந்த அடியொலிதான் என்பதை ராத்திரியில் நினைவில் வையுங்கள்.

கடைக்காரர் தன் பெட்டிக்குப் பொருத்தமான பாட்டைத்தான் போட்டுக்காட்டுவார். பணம் கொடுக்குமுன், நீங்கள் நூறு தடவை கேட்ட பாட்டைப் போடச் சொல்லுங்கள். பேஸ் கிதார் ஒவ்வொரு சுரமாக ஏறி இறங்குவது தனித்தனியாகக் கேட்டால் வாங்குங்கள். எல்லாம் ஒரே ‘தொம்’ என்று விழுந்தால், அட்டையில் எத்தனை ஆயிரம் வாட் போட்டிருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள்.